செய்யாததை ஒப்புக்கொள்ளும் மனம்

சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைப் பற்றி 2023ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு ஆவணத் தொடர்கள் வெளிவந்தன. நெட்ஃபிளிக்ஸில் ஒன்று, ஜீ5இல் ஒன்று. பார்த்தவர்களைக் கேட்டால் காட்டையும் மீசையையும் ராஜ்குமார் கடத்தலையும் சொல்வார்கள். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அந்த வழக்குகளை விசாரித்த மைசூர் சிறப்பு நீதிமன்றத்தை யாரும் சொல்வதில்லை. கேமராவுக்குத் தீனி போடும் இடமல்ல அது. கட்டுக்கட்டாகக் காகிதம், வாய்தா, மறுபடி வாய்தா. ஆனால் மனித மனத்தைப் பற்றி உளவியல் கண்டறிந்த மிக விநோதமான உண்மைகளில் ஒன்றைப் புரிந்துகொள்ள அந்தக் கூடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

1993 ஏப்ரல் 9. மாதேஸ்வரன் மலைப் பகுதியில் பாலாற்றுக்கு அருகே, வீரப்பனைத் தேடி எஸ்.பி. கோபாலகிருஷ்ணன் தலைமையில் போன அணி, அவன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் சிக்கியது. போலீசார், வனக் காவலர்கள், துப்புச் சொன்னவர்கள் என 22 பேர் இறந்தார்கள். 'ராம்போ' என்று பெயர் பெற்றிருந்த கோபாலகிருஷ்ணன் படுகாயத்தோடு பிழைத்தார். பிறகு மலையோரக் கிராமங்களில் ஆட்களைப் பிடிப்பது தொடங்கியது. வீரப்பன் தொடர்பான வழக்குகள் மைசூருக்கு வந்தபோது குற்றம்சாட்டப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல்.

வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது, 2000 ஜூலை 30 அன்று, வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினான். தமிழ்நாடு விடுதலைப் படை ஆட்களும் அப்போது அவனோடு சேர்ந்திருந்தார்கள். கோரிக்கைப் பட்டியலில் மைசூர் தடா கைதிகளின் விடுதலையும் இருந்தது. கர்நாடக அரசு இறங்கிவந்தது. தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற மைசூர் நீதிமன்றமும் அனுமதித்தது. அப்போது குறுக்கே நின்றவர் அப்துல் கரீம் என்ற முதியவர். 1992இல் வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட எஸ்.ஐ. ஷகீல் அகமதுவின் தந்தை. அவருடைய மனுவை ஏற்று, 2000 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. எட்டே நாளில் ராஜ்குமார் வேறு வழியாக விடுதலையானார். கிரைம் தொடருக்குக் கதை எழுதுபவர்கூட இப்படியொரு திருப்பம் வைக்கத் தயங்குவார்.

2001 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. பெரும்பாலானவர்கள் விடுதலை. பாலாறு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற சைமன், ஞானப்பிரகாசம், மீசை மாதையா, பிலவேந்திரன் ஆகிய நால்வரும் மேல்முறையீடு செய்தார்கள். 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது. கருணை மனு ஒன்பது ஆண்டு கிடந்து, 2013இல் நிராகரிக்கப்பட்டது. 2014 ஜனவரி 21 அன்று, இந்தத் தாமதத்தையே காரணமாக்கி, தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

இனி விநோதத்துக்கு வருவோம். சாதாரண வழக்கில் போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. தடாவின் 15ஆம் பிரிவு அதைப் புரட்டிப்போட்டது: எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் அது சாட்சியம். 1994இல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சில நிபந்தனைகளோடு அந்தப் பிரிவைச் செல்லுமென்றது. எவனாவது செய்யாத கொலையைச் செய்தேன் என்பானா? பார்ப்பவருக்கு நியாயமாகப்படும் கேள்விதான். பாலாறு வழக்கில் தண்டனை பெற்றவர்கள் நிரபராதிகள் என்று வாதாட வரவில்லை. அந்தக் கேள்விக்கு அறிவியல் தரும் விடைதான் இங்கே பேச்சு.

1996இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் சால் காசின் ஒரு சோதனை நடத்தினார். மாணவர்கள் கணினியில் எழுத்துகளைத் தட்ட வேண்டும். 'ஆல்ட்' பொத்தானை மட்டும் தொடக்கூடாது, தொட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கை. யாரும் தொடவில்லை. ஆனாலும் கணினி நின்றுபோகும், அப்படித்தான் ஏற்பாடு. "நீதானே தொட்டாய்?" என்று குற்றம்சாட்டி, ஒப்புதல் எழுதி நீட்டினார்கள். 69 சதவீதம் பேர் கையெழுத்திட்டார்கள். வேகமாகத் தட்டச் சொல்லி, "அவன் தொட்டதை நான் பார்த்தேன்" என்று பொய்ச் சாட்சியும் நிறுத்தியபோது ஒருவர்கூட மிஞ்சவில்லை, அத்தனை பேரும் கையெழுத்து. அதைவிட வியப்பு, அந்தக் குழுவில் 65 சதவீதம் பேர் தாங்களே தொட்டதாக உள்ளூர நம்பியதுதான். எந்தக் கை, எப்போது பட்டது என்று விவரம் சொன்னவர்களும் உண்டு!

அடி இல்லை, மிரட்டல் இல்லை. தூக்கத்தைப் பறித்தால் என்ன ஆகும் என்பதை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இரவு முழுக்க விழித்திருந்தவர்களில் பாதிப் பேர் முதல் முறை கேட்டதுமே செய்யாத தவறுக்குக் கையெழுத்திட்டார்கள். நன்றாகத் தூங்கியவர்களில் அப்படிச் செய்தவர்கள் 18 சதவீதம். களைத்த மூளை பின்விளைவை எடைபோடுவதில்லை. இந்த நிமிடம் முடிந்தால் போதும் என்கிறது.

வீரப்பன் வேட்டையில் அடியும் இருந்த இடங்களைப் பற்றி, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. மாதேஸ்வரன் மலை அதிரடிப்படை முகாமில் 'ஒர்க்ஷாப்' என்று அழைக்கப்பட்ட கட்டடத்தைப் பற்றிய கதைகளைக் குழுவின் முன் கிராமத்தார் வரிசையாக வந்து சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் வழங்கச் சொன்னது.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் அறிக்கையில் கிட்டியும் அண்ணாந்தாளும் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. கிட்டி, விரல்களை நெரிக்கும் மரக்கருவி. அண்ணாந்தாள், ஆளை வளைத்துக் கட்டிப்போடும் தண்டனை. வரி வசூலுக்கும் அதுவே, திருட்டைக் கண்டுபிடிக்கவும் அதுவே. ஆறே ஆண்டில், 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போலீசாரிடம் சொன்ன ஒப்புதலைச் சாட்சியத்திலிருந்து விலக்கியது. 1872இல் அது சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவானது. ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத காலத்தில் அனுபவம் எழுதிய விதி. அதைத்தான் தடா ஓரங்கட்டியது.

"சரி, கொலைகாரனுக்கு மட்டுமே தெரிந்த விவரம் வாக்குமூலத்தில் இருக்கிறதே?" என்று கேட்கலாம். சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட் இதைத் துருவினார். பிற்பாடு டி.என்.ஏ. சோதனையால் நிரபராதிகள் என்று உறுதியானவர்கள் முன்பு கொடுத்திருந்த ஒப்புதல்களின் ஆவணங்களைப் படித்தார். ஆவணம் கிடைத்த 38 பேரில் 36 பேரின் வாக்குமூலங்களில் நுணுக்கமான விவரங்கள் இருந்தன. செய்யாதவருக்கு அவை எப்படித் தெரிந்தன? கேள்வி கேட்டவர்கள் வழியாகத்தான். "கத்தியை எங்கே போட்டாய், கிணற்றிலா?" என்ற கேள்விக்குள்ளேயே கிணறு இருக்கிறது. பத்து மணி நேரம் கழித்து அது பதிலில் ஊறி நிற்கும்.

வாக்குமூலத்தில் நுழைவது மட்டுமல்ல, விடுபடுவதும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாக வாக்குமூலம். அவை எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். எழுதாமல் விட்டது ஒரே வாக்கியம். அதற்குள் 31 ஆண்டு ஓடிவிட்டது.

ஒப்புதல் வந்துவிட்டால் அது மற்ற சாட்சியங்களையும் தன் பக்கம் இழுக்கிறது. 2006இல் ஆய்வாளர் இட்டியல் துரோர், ஆறு கைரேகை வல்லுநர்களிடம் அவர்களே முன்பு ஒப்பிட்டு முடிவு சொன்ன ரேகைகளை, அது தெரியாமல், மறுபடி கொடுத்தார். சிலவற்றோடு "இந்த ஆள் ஒப்புக்கொண்டுவிட்டான்" என்பது போன்ற தகவலும் போனது. ஆறு பேரில் நால்வர் ஏதோ ஓரிடத்தில் தங்கள் பழைய முடிவுக்கே மாறாகச் சொன்னார்கள். ரேகை மாறவில்லை.

இன்னொரு முரண். விசாரணையில் மௌனம் காப்பது போன்ற தன் உரிமைகளை முதலில் விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் நிரபராதிதான். காசினும் நார்விக்கும் 2004இல் செய்த சோதனையில் குற்றமற்றவர்களில் 81 சதவீதம் பேரும், குற்றவாளிகளில் 36 சதவீதம் பேரும் அப்படிச் செய்தார்கள். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை அல்லவா? அந்தப் பயமின்மைதான் அவனைச் சிக்கவைக்கிறது.

கேமரா வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலிப்பதிவோடு கூடிய கேமரா பொருத்த உத்தரவிட்டது, தேவையான உத்தரவுதான். ஆனால் கேமராவை எங்கே வைப்பது என்பதிலும் உளவியல் இருக்கிறது. ஒஹையோ பல்கலைக்கழகத்தின் டேனியல் லாசிட்டர் ஒரே விசாரணையை மூன்று கோணங்களில் படமெடுத்துக் காட்டினார். குற்றம்சாட்டப்பட்டவர் முகம் மட்டும் தெரிந்தால், அவர் மனமுவந்து சொன்னதாகப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கேட்பவரும் சொல்பவரும் பக்கவாட்டில் சமமாகத் தெரிந்தால் அந்த நினைப்பு தணிகிறது. நியூசிலாந்து போலீஸ் இந்தச் சமக் கோணத்தையே விதியாக்கிக்கொண்டது. சட்டம் பழகிய கண்ணுக்கு இந்த மயக்கம் வராது என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால், லாசிட்டர் 2007இல் நீதிபதிகளுக்கும் போலீஸ் அதிகாரிகளுக்கும் இந்தப் படங்களைக் காட்டிப் பார்த்தார். அவர்களுடைய தீர்ப்பும் கேமரா நின்ற இடத்தைப் பொறுத்தே மாறியது.