அகச்சமய வாதங்களின் பயன்: சங்கற்ப நிராகரணத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

உமாபதி சிவாசாரியார் இயற்றிய சங்கற்ப நிராகரணம், சைவ சித்தாந்தத்திற்கு நெருக்கமான கொள்கையினரோடு நிகழும் வாதங்களைத் தொகுத்துரைப்பது. செறிவும் கடினமும் மிக்க இவ்வாதங்கள் வெறும் சொற்பூசல் அல்ல. முத்தியில் இறையின்பத்தை நுகர்வது யார் என்னும் வினாவை மையமாகக் கொண்டவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சைவ சித்தாந்தம், அகச்சமயம், சங்கற்பம், நிராகரணம், முத்தி, அத்துவிதம்

முன்னுரை

பக்தி மரபில் வாதத்தின்மீது ஓர் ஐயம் தொடக்கம் முதலே உண்டு. திருவாசகத்தின் போற்றித் திருவகவல், சமயவாதிகளின் பூசலையும் மாயாவாதத்தையும் உலகாயதத்தையும் இறையன்புக்கு நேரும் இடையூறுகளின் வரிசையில் வைக்கிறது. அத்திருவாசகத்தைத் திருமுறையாகப் போற்றும் மரபிலேயே, ஒன்பது வாதிகளின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கும் சங்கற்ப நிராகரணமும் சாத்திரமாக ஏற்கப்பட்டுள்ளது. அன்பை முதன்மையாகக் கொண்ட ஒரு சமயக் குழு, இத்துணை நுணுக்கமான வாதத்தைத் தன் பாடநூலாக ஆக்கிக்கொண்டது ஏன் என்னும் வினாவிற்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

தமிழில் சமய வாதம்

சமயக் கொள்கைகளை வாத வடிவில் முன்வைக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பத்துச் சமயக் கணக்கர் தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை இலக்கணத்தையும் அதன் போலிகளையும் விரித்துரைக்கிறார். சமண நூலாகிய நீலகேசி, தலைவியையே வாதியாக்கிப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் முதலியோரை எதிர்கொள்ளச் செய்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம், உலகாயதர் முதல் பாஞ்சராத்திரி வரை 14 கொள்கைகளைக் கூறி மறுக்கிறது.

இந்நூல்களுக்குப் பொதுவான நெறி ஒன்றுண்டு. மறுக்க வேண்டிய கொள்கையை முதலில் உடையவன் வாய்மொழியாகவே நிறுத்தி, அதன் பின்னரே மறுக்க வேண்டும். இந்நெறியால் விளைந்த நன்மைக்குக் குண்டலகேசி சான்றாகும். அப்பௌத்த காப்பியம் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதனை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையாகிய சமய திவாகரமே அதன் செய்யுள்கள் பலவற்றின் முதற்குறிப்புகளைக் காத்துத் தந்துள்ளது. எதிர்த்தவரின் ஏடு எதிர்க்கப்பட்ட நூலுக்குப் புகலிடம் ஆயிற்று.

சங்கற்ப நிராகரணத்தின் அமைப்பு

மேற்கூறிய நூல்கள் பெரும்பாலும் பிற சமயத்தாரை நோக்கி வாதிடுகின்றன. சங்கற்ப நிராகரணமோ அண்டை வீட்டாரோடு பேசுகிறது. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் உமாபதி சிவாசாரியார் இயற்றியவை எட்டு. அவற்றுள் இதுவும் ஒன்று. இதன் பாயிரம் சக ஆண்டு 1235ஐக் குறிப்பதால், நூலின் காலம் கி.பி. 1313 என உறுதியாகிறது. காலக் குறிப்பைத் தன்னகத்தே கொண்டிருப்பது இந்நூலைப் பிற சாத்திரங்களின் காலத்தை அறியவும் துணையாக்குகிறது.

சங்கற்பம் என்பது ஒருவர் துணிந்து கொண்ட கொள்கை. நிராகரணம் என்பது அதன் மறுப்பு. மாயாவாதம், ஐக்கியவாதம், பாடாணவாதம், பேதவாதம், சிவசமவாதம், சங்கிராந்தவாதம், ஈசுவர அவிகாரவாதம், நிமித்தகாரண பரிணாமவாதம், சைவவாதம் என்னும் ஒன்பது கொள்கைகள் இந்நூலில் இடம்பெறுகின்றன. ஒருவர் கூறியதை அடுத்து வருபவர் மறுத்துத் தம் கொள்கையை நிறுவ, அவரை அவருக்கு அடுத்தவர் மறுக்க, வாதம் படிப்படியாக நகர்கிறது. சித்தாந்தத்திற்கு மிக அணுக்கமான சைவவாதம் இறுதியில் வைக்கப்பட்டுள்ளது. வேறுபாடு குறையக் குறைய வாதம் நுணுகுவதை இவ்வைப்பு முறை காட்டுகிறது.

வாதத்தின் மையம்: நுகர்பவர் யார்?

இக்கொள்கைகளை முத்தியில் உயிரின் நிலை என்னும் ஒரே வினாவிற்கான வெவ்வேறு விடைகளாகக் கண்டால் நூலின் உள்ளோட்டம் தெளிவாகும்.

உலகம் தோற்றமே, உயிரும் பிரமமும் ஒன்றே என்பது மாயாவாதம். ஐக்கியவாதம் ஆணவ மலத்தை ஏற்பதில்லை. முத்தியில் உயிர், நீரோடு நீர் சேர்ந்தாற்போலச் சிவத்தோடு ஒன்றாகும் என்கிறது. சித்தாந்தம் இதற்கு எழுப்பும் தடை கூர்மையானது. உயிர் இயல்பிலேயே தூயதாயின், அது கன்மத்திலும் மாயையிலும் சிக்க நேர்ந்தது எதனால்? உடம்பின்றி வினை இல்லை. வினையின்றி உடம்பு இல்லை. ஆகவே இவ்விரண்டிற்கும் முன்னரே உயிரைப் பற்றிய அறியாமை ஒன்று இருத்தல் வேண்டும். அதுவே ஆணவம்.

பாடாணவாதம் ஆணவத்தை ஏற்கிறது. ஆனால் அது முத்தியிலும் நீங்காது, உயிர் கல்லைப்போல உணர்வற்றுக் கிடக்கும் என்கிறது. அவ்வாறாயின் அருளால் விளையும் பயன் யாது என்னும் வினா எழுகிறது. பேதவாதம் எதிர்த்திசையில் செல்கிறது. செம்பிலிருந்து களிம்பு நீங்குவதுபோல மலம் நீங்கியபின் உயிர் சிவத்தோடு கலவாது தனித்து நிற்கும் என்பது அதன் துணிபு. மலம் நீங்கியபின் உயிருக்கு இறைவன் வேண்டுவதில்லை என்னும் முடிவிற்கு இது இட்டுச்செல்லும். உயிர் முத்தியில் சிவத்திற்கு நிகராகிறது என்னும் சிவசமவாதத்தில் ஆண்டான் அடிமை உறவே மறைகிறது.

உயிர் இல்லாது போனால் இன்பத்தை நுகர ஆளில்லை; கல்லாய்க் கிடந்தால் நுகரும் உணர்வில்லை; தனித்தோ நிகராகவோ நின்றால் வழிபாட்டிற்கு இடமில்லை. ஒவ்வொரு மறுப்பும் காக்க முனைவது ஓர் அன்பு உறவையே. போற்றித் திருவகவல் மாயாவாதத்தை இடையூறாகக் கண்டதற்கும், சங்கற்ப நிராகரணம் அதனை முதலில் எடுத்து மறுப்பதற்கும் காரணம் ஒன்றே. திருவாசகம் அனுபவமாக உணர்த்தியதைச் சாத்திரம் தருக்கமாக அரண் செய்கிறது. இவ்வகையில் வாதமும் பக்தியும் முரண்பட்டவை அல்ல.

தாடலை: வாதம் தந்த விடை

இவ்வாதங்களின் ஊடே தெளிந்த நிலைப்பாட்டை உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஓர் இலக்கண உவமையால் விளக்குகிறார். தாள், தலை என்னும் இரு சொற்கள் புணர்ந்து தாடலை ஆகின்றன. ளகரமும் தகரமும் ஒரே டகரத்தில் அடங்கினும் இரு சொற்களின் பொருளும் அழிவதில்லை. அடியவர் தலை இறைவன் தாளைச் சேர்வதும் இவ்வாறே. ஒன்றென்று கூறினால் தாளும் தலையும் இல்லை. இரண்டென்று கூறினால் புணர்ச்சி இல்லை. ஒன்றாதலையும் வேறாதலையும் முழுமையாக எதிர்கொண்ட பின்னரே இவ்வுவமையின் ஆழம் புலப்படும். வாதத்தை விலக்கிவிட்டு முடிவை மட்டும் படிப்பவருக்குத் தாடலை ஒரு புணர்ச்சி விதியாகவே தோன்றக்கூடும்.

வாதத்தின் தொடர்ச்சி

நிராகரணத்தோடு இவ்வாதங்கள் முடிந்துவிடவில்லை. சிவஞான முனிவர் (மறைவு 1785), சித்தியாருக்கு ஞானப்பிரகாசர் எழுதிய உரையை மறுத்துச் சிவசமவாத உரைமறுப்பு இயற்றினார். 14ஆம் நூற்றாண்டில் பெயரிட்டு மறுக்கப்பட்ட ஒரு கொள்கை, 18ஆம் நூற்றாண்டில் சித்தாந்த நூலின் உரைக்குள்ளேயே மீண்டும் விவாதப் பொருளானது. சித்தியாரில் வரும் 'எடுத்து' என்னும் ஒரு சொல்லின் பொருட்டே ஒரு தனி நூலும் அவரால் எழுதப்பட்டது. எனினும், மறுக்கப்பட்ட ஞானப்பிரகாசர் உரையும் மறுத்த சிவஞான முனிவர் உரையும் சித்தியார் சுபக்கம் அறுவர் உரைப் பதிப்பில் அருகருகே அச்சேறின. எது பொருந்தும் என முடிவு செய்யும் பொறுப்பு பயில்வோரிடம் விடப்பட்டது.

வரம்புகள்

இந்நூலை மதிப்பிடும்போது ஒரு வரம்பினை மறத்தலாகாது. ஒன்பது வாதிகளின் குரலும் ஒரே சித்தாந்தியின் எழுத்திலிருந்து எழுவன. வரிசையும் வெற்றியும் முன்னரே முடிவு செய்யப்பட்டவை. எனவே, இதில் காணும் ஐக்கியவாதத்தையோ பாடாணவாதத்தையோ அவ்வக் கொள்கையினரின் முழு வரலாறாகக் கொள்ளாது, சித்தாந்தம் தன்னைத் தெளிவித்துக்கொள்ள எதிர்நிறுத்திய நிலைப்பாடுகளாகக் கொள்வதே ஆய்வுக்குப் பொருத்தமாகும்.

முடிவுரை

சங்கற்ப நிராகரணத்தின் செறிவு, கற்போரை விலக்குவதற்காக அமைந்ததன்று. அகவலின் சுருங்கிய நடை, ஒருவர் சொல்ல மற்றவர் வினவும் பாடங்கேட்டல் முறையை வேண்டி நிற்பது. பிற சமயத்தாரோடு வாதிடும்போது ஒரு சமயம் தன் எல்லையைக் காக்கிறது. தன் அகத்தாரோடு வாதிடும்போது தன் பொருளையே கண்டடைகிறது. அணுக்கமான கொள்கைகளிடையே உள்ள சிறு வேறுபாட்டையும் பொருட்படுத்தியதால்தான் அத்துவிதம் என்னும் ஒரு சொல்லுக்குச் சித்தாந்தம் தனக்குரிய பொருளை வரையறுக்க முடிந்தது. எனவே, இத்தகைய நூல்களைப் பாடத்திட்டத்தில் அறிமுகப்படுத்தும்போது முடிவுகளை மட்டும் பட்டியலிடாமல், சங்கற்பத்தையும் நிராகரணத்தையும் இணைத்தே பயிற்றுவித்தல் வேண்டும்.