வில்க்ஸின் முகம்: ஓர் எள்ளல் உருவப்படத்தின் அமைப்பு

இலண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1763ஆம் ஆண்டு மே மாதம் ஜான் வில்க்ஸின் உருவப்படத்தை அச்சோவியமாக வெளியிட்டார். கேலிச்சித்திரம் என்றதும் நீண்ட மூக்கையும் பருத்த வயிற்றையும் எதிர்பார்ப்போருக்கு இப்படம் முதலில் ஏமாற்றமே தரும். உடலும் தலையும் இயல்பான அளவிலேயே உள்ளன. அவ்வாறாயின் எள்ளல் எங்கே உறைகின்றது?

பின்னணி சுருக்கமானது. வில்க்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர். ‘நார்த் பிரிட்டன்’ இதழை நடத்தியவர். அதன் 17ஆம் இதழ் ஹோகார்த்தைத் தாக்கியது. 45ஆம் இதழ் மன்னரின் நாடாளுமன்ற உரையைத் தாக்கியது. பின்னதன் பொருட்டுக் கைதான வில்க்ஸ் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்து நீதிமன்றத்தில் நின்றபோது, ஹோகார்த் அங்கிருந்தே அவரை வரைந்துகொண்டார்.

இனி முகத்தை நோக்குவோம். வில்க்ஸுக்கு மாறுகண் உண்மையாகவே இருந்தது. அது ஓவியரின் புனைவன்று. பணம் பெற்று வரையும் உருவப்பட ஓவியர் இத்தகைய குறையை நிழலில் ஒதுக்குவார், அல்லது முகத்தைச் சற்றே திருப்பிவிடுவார். ஹோகார்த் இரண்டையும் செய்யவில்லை. அதனால் படத்தைக் காண்போர் அக்கண்களை நேரே சந்திக்க இயலாது தடுமாறுகின்றனர்; நம்பகமின்மை என்னும் உணர்வு அத்தடுமாற்றத்திலேயே பிறந்துவிடுகின்றது. உதட்டோரச் சிரிப்பு அதனை உறுதிசெய்கின்றது. பொய்முடியின் சுருள்கள் இருபுறமும் மேலெழுந்து நிற்கின்றன. வரையப்பட்டது முடிதான், கொம்பு நம் மனத்தில் முளைக்கின்றது.

அவர் பற்றியுள்ள கோலின் நுனியில் ‘விடுதலை’ எனப் பொறித்த தொப்பி உள்ளது. பண்டைய உரோமில் அடிமைத்தளை நீங்கியோர் அணிந்த தொப்பியின் வழிவந்த சின்னம் அது. இங்கோ கவிழ்த்த சட்டி போலத் தலைக்கு மேலே நிற்கின்றது. ஒளிவட்டம் இருக்கவேண்டிய இடத்தில் சட்டி! மேசைமீது 17ஆம் இதழும் 45ஆம் இதழும் சேர்ந்தே கிடக்கின்றன. மன்னருக்கு நேர்ந்த அவமதிப்போடு தமக்கு நேர்ந்ததையும் ஓவியர் ஒரே மேசையில் வைத்தது சற்று மிகையே. ஆயினும் தம் பகையை அவர் ஒளிக்கவில்லை.

கருவியும் இதற்குத் துணைநிற்கின்றது. செப்புத்தகட்டின்மேல் பூசிய மெழுகை ஊசியால் கீறி, அமிலத்தால் அரிக்கச் செய்யும் முறை இது. உளியால் செதுக்குவதைவிட ஊசி தடையின்றி ஓடும். ஆகவே கோடுகள் நேரில் கண்டு விரைந்து குறித்தவை போலத் தோன்றுகின்றன. உருவை நேரில் கண்டு வரைந்ததாகப் படத்தின் அடியிலும் எழுதினார். இயல்பைக் காட்டுவது வேறு, மிகைப்படுத்திச் சிதைப்பது வேறு என்று 1743ஆம் ஆண்டிலேயே ஓர் அச்சோவியத்தின் வழி வாதிட்டவர் அவர். உண்மை என்னும் அவ்வுரிமைக்கோரலே இப்படத்தின் கூரிய படைக்கலம்.

ஆனால் அப்படைக்கலம் எய்தவர் எண்ணியவாறு பாயவில்லை. படம் பெருமளவில் விற்றது. விற்ற ஒவ்வொரு படியும் வில்க்ஸின் முகத்தை மக்களிடம் கொண்டுசேர்த்தது. ஹோகார்த் 1764இல் மறைந்தார். வில்க்ஸ் 1774இல் இலண்டன் மாநகரத் தலைவரானார். நாளுக்கு நாள் தாம் ஹோகார்த்தின் படத்தையே ஒத்துவருவதாக அவர் நகைத்துக் கூறுவாராம்.