விபத்தும் வஞ்சகமும்

அணு உலையில் யுரேனியக் கோல்கள் சில ஆண்டுகள் வெப்பம் தந்தபின் வெளியே எடுக்கப்படுகின்றன. அவற்றின் பயன் தீர்ந்தாலும் நஞ்சு தீர்வதில்லை; கதிரியக்கமோ முன்னைவிடப் பன்மடங்கு. ஆகவே நீர்த்தொட்டியில் நெடுநாள் ஆறவைத்து, பின்னரே கனத்த பெட்டியிலிட்டு இரயிலிலோ லாரியிலோ கப்பலிலோ அனுப்புவர். வழியில் நேரக்கூடிய ஆபத்தை எவ்வாறு கணிக்கின்றனர்?

ஆபத்து இருவகைப்படும். முதலாவது விபத்து. இதற்கெனப் பன்னாட்டு அணுசக்தி முகமை சோதனைகளை வகுத்துள்ளது. பெட்டி 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும், 800 டிகிரி செல்சியஸ் நெருப்பில் 30 நிமிடம் கிடப்பதையும், நீரில் மூழ்குவதையும் தாங்க வேண்டும். 1984 ஜூலை 17 அன்று இங்கிலாந்தில் ஓல்டு டால்பி என்னுமிடத்தில், இத்தகைய எஃகுப் பெட்டியொன்றைத் தண்டவாளத்தில் கிடத்தி, மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தில் ஆளில்லா இரயிலை மோதவிட்டனர். எஞ்சின் நொறுங்கியது, பெட்டி உடையவில்லை!

இரண்டாவது, மனிதனின் வஞ்சகம். விபத்து இடம் பார்த்து வருவதில்லை. பகைவனோ மக்கள் நெருங்கி வாழும் இடத்தையே தேடுவான். விபத்து எத்தனை முறை நேரும் என்பதைப் பழைய கணக்குகளைக் கொண்டு மதிப்பிடலாம். தீய எண்ணத்திற்குக் கணக்கேது? ஆகையால் அறிஞர்கள் வேறு கேள்விகளைக் கேட்கின்றனர். வரக்கூடியவன் யார்? அவனிடம் என்ன கருவி இருக்கும்? எவ்விடத்தில் தாக்குவான்? தாக்கினால் எவ்வளவு வெளியேறும்? பெட்டியின் எடையும் உள்ளிருக்கும் கதிரியக்கமும் திருட்டைக் கடினமாக்குகின்றன. எனவே திருட்டைவிட நாசவேலையே பெரிய கவலை. இதனை எண்ணியே அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1979-இல் காவலர் துணையை விதித்தது. இயன்றவரை பெருநகரங்களைத் தவிர்க்கவும் பணித்தது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியின் வலிமையை உலகறியக் காட்டலாம். காவலின் விவரங்களைக் காட்டினால் பகைவனும் அறிந்துகொள்வான். 2006-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிஞர்கள், பாதுகாப்பாக அனுப்பத் தொழில்நுட்பத்தில் அடிப்படைத் தடை ஏதுமில்லை என்றனர். நாசவேலையைப் பற்றி மட்டும் முழுமையாக ஆராய இயலவில்லை. தேவையான செய்திகள் இரகசியமாக இருந்தன. ஆகவே நிரந்தரக் களஞ்சியம் ஒன்றுக்குப் பெருமளவில் அனுப்பத் தொடங்குமுன், சார்பற்ற வல்லுநர்கள் அதனை ஆராய வேண்டும் என்று பரிந்துரைத்தனர்.

தேர்வுக்கு முன் வினாத்தாள் இரகசியமாக இருப்பது முறையே. ஆயினும் நம் விடைத்தாளை நாமே திருத்திக்கொள்ள முடியுமா? இரகசியம் தேவைப்படும் இடத்தில்தான் நேர்மையான தேர்வாளர் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறார். பாதை ஓரத்தில் வாழும் மக்கள் அனைத்தையும் அறிய இயலாது. தங்களுக்காக அறிந்து சொல்லும் ஒருவரைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.