சிபாப் மாட்டினால் தொண்டை காய்கிறதா? மெஷினை அலமாரியில் வைக்கும் முன் இதைப் படிங்க!

இரவு 2 மணி. மீன்சுருட்டி மெயின் ரோட்டில் லாரிச் சத்தம்கூடக் குறைந்துவிட்டது. ஒரு வீட்டில் 45 வயதுக்காரர் ஒருவர் திடுக்கென எழுந்து உட்கார்ந்து, முகத்தில் இருந்த மாஸ்க்கைக் கழற்றுகிறார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொண்டையில் மணலைக் கொட்டியது போல வறட்சி.

“என்னங்க, மறுபடியும் கழட்டிட்டீங்களா?”

“இத மாட்டிக்கிட்டு மனுசன் தூங்குவானா? குறட்டையே தேவலாம்மா.”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ஸ்லீப் அப்னியாவுக்காக சிபாப் மெஷின் வாங்கிய பலருக்கும் முதல் வாரம் இப்படித்தான் போகிறது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மெஷின் ஒரே மாதத்தில் அலமாரிக்குப் போய்விடுவதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் வறட்சி, மூக்கடைப்பு, மாஸ்க் உறுத்தல் போன்ற சின்னச் சின்னத் தொல்லைகள்தான். இவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது.

கழற்றி வைத்தால் என்ன ஆகும்?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுக்குழல் அடைபட்டு, மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்பதுதான் ஸ்லீப் அப்னியா. மணிக்கு 5 முறைக்கு மேல் நடந்தால் நோய்; 30 முறையோ அதற்கு மேலோ என்றால் தீவிரம். ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதயநோய், பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடும். பகலில் கண் சொக்கும். இரவு பகலாக சிமென்ட் லாரி ஓடும் அரியலூர் மாவட்டத்தில், ஸ்டீயரிங் பிடிப்பவருக்குக் கண் சொக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் சுமார் 10.4 கோடி பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கலாம் என்று, எய்ம்ஸ் மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் மதிப்பிட்டார்கள். இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது, மருத்துவமனை சொன்ன காரணமும் ஸ்லீப் அப்னியாதான்.

காற்று ஏன் காயவைக்கிறது?

சிபாப் ஆக்சிஜன் மெஷின் அல்ல. அறையில் இருக்கும் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்பி, மூடிக்கொள்ளும் தொண்டையைத் திறந்து வைக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் இந்த முறையை வெளியிட்டார்.

நம் மூக்கு சாதாரணமாகக் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்பும். வெளியே வரும் மூச்சிலிருந்து அந்த ஈரத்தில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சிபாப் போட்டுத் தூங்கும்போது வாய் திறந்துகொண்டால் இந்தக் கணக்கு கெட்டுப்போகிறது. காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியாக ஓடிவிடும். ஈரத்துணியை ஃபேனுக்கு அடியில் போட்ட மாதிரி மூக்கும் தொண்டையும் காய்கின்றன. காய்ந்த மூக்கு வீங்கி அடைத்துக்கொள்ளும். மூக்கு அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். இந்தச் சுழற்சியை எங்காவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும்.

காலையில் எது காய்ந்திருக்கு?

எழுந்ததும் இதை முதலில் கவனியுங்கள்.

• வாயும் தொண்டையும் மட்டும் காய்ந்திருந்தால்: வாய் வழியாகக் காற்று கசிகிறது.

• மூக்கு எரிச்சல், அடைப்பு, லேசான ரத்தக் கசிவு: காற்றில் ஈரப்பதம் போதவில்லை.

• கண் எரிச்சல், சிவப்பு: மாஸ்க்கின் மேல் விளிம்பில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது.

• வயிறு உப்புசம், ஏப்பம்: காற்றை விழுங்குகிறீர்கள். அழுத்தத்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஈரப்பதத்தைக் கூட்டுங்கள்

இப்போது வரும் பெரும்பாலான மெஷின்களில் தண்ணீர்த் தொட்டியோடு ஹியூமிடிஃபையர் இருக்கிறது. அதை ஆன் செய்யாமலேயே தவிப்பவர்களும் உண்டு. நடு அளவில் தொடங்கி, இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு படி ஏற்றிப் பாருங்கள். ஏ.சி. அறையில் காற்று ஏற்கெனவே வறண்டிருக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும்.

மார்கழிக் குளிரில் வேறு தொல்லை வரும். வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராகி, மூக்கில் சொட்டும். அப்போது ஈரப்பத அளவை ஒரு படி இறக்குங்கள். குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், அல்லது துணி உறை போடுங்கள். ஃபேன் காற்று நேராகக் குழாயில் படாமல் பாருங்கள். மெஷின் எப்போதும் தலையணை மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

எந்தத் தண்ணீர் ஊத்தணும்?

போர் தண்ணீர் வேண்டாம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. தண்ணீர் காய்ச்சும் குண்டானின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு தொட்டியிலும் படியும். மருந்துக்கடையில் டிஸ்டில்ட் வாட்டர் என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் மூச்சுக்காகத் தயாரிக்கப்பட்டது அல்ல. தினமும் மிச்சத்தைக் கொட்டி, தொட்டியைக் கழுவிக் காயவைத்து, ராத்திரி புதிதாக ஊற்ற வேண்டும். தைலம், யூகலிப்டஸ் சொட்டு எதையும் அதில் கலக்கக் கூடாது.

ரோட்டோர வீடு என்றால் மெஷினின் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். தூசி அடைத்த ஃபில்டரும் மூக்கைப் படுத்தும்.

மூக்கடைப்புக்கு என்ன செய்யலாம்?

படுக்கும் முன் உப்புநீர் ஸ்ப்ரே அல்லது சொட்டு பலருக்குப் போதும். கடையில் வாங்கும் ‘மூக்கடைப்பு நீக்கி’ சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் போட்டால், மருந்து விட்டதும் அடைப்பு முன்னைவிட அதிகமாகும். மூக்கில் நல்லெண்ணெய், நெய் விட்டுவிட்டு மாஸ்க் போடாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அழற்சி வரலாம். அலர்ஜி உள்ளவர்களுக்கு வேறு ஸ்ப்ரே தேவைப்படலாம், அதை மருத்துவர் எழுதித் தரட்டும். அலர்ஜி, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளும் வாயை உலர்த்தும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூக்கு சரியான பிறகும் வாய் திறந்தால், தாடையைத் தாங்கும் பட்டை அல்லது மூக்கு, வாய் இரண்டையும் மூடும் மாஸ்க் உதவும். இணையத்தில் பார்த்துவிட்டு வாயில் பிளாஸ்திரி ஒட்டும் வேலை வேண்டாம்.

மாஸ்க் உறுத்துதே?

காற்று கசிந்தால் பட்டையை இன்னும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இறுக்க இறுக்க சிலிக்கான் விளிம்பு மடங்கி, கசிவு கூடத்தான் செய்யும், மூக்குத்தண்டும் புண்ணாகும். மெஷினை ஓடவிட்டு, படுத்த நிலையில் பட்டையைச் சரிசெய்யுங்கள். பட்டைக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். மீசை, தாடி இருப்பவர்களுக்கு மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் ‘நேசல் பில்லோ’ ஒத்துவரலாம். முகத்து எண்ணெய்ப் பசை ஒட்டினாலும் விளிம்பு வழுக்கும், அதனால் தினமும் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள்.

முகத்தில் தழும்பு விழுந்தால் வெட்கப்படவும் வேண்டாம். 2023 ஜூனில் அன்றைய அமெரிக்க அதிபர் ஜோ பைடனின் கன்னத்தில் கோடுகளைப் பார்த்துச் செய்தியாளர்கள் கேட்டபோது, அவர் சிபாப் பயன்படுத்துகிறார் என்று வெள்ளை மாளிகையே சொன்னது.

மாட்டினாலே மூச்சு முட்டுது...

ராத்திரியில் பழகாதீர்கள், பகலில் பழகுங்கள். முதலில் மாஸ்க்கை மட்டும் முகத்தில் பிடித்துக்கொண்டு டிவி பாருங்கள். அடுத்த நாள் பட்டையை மாட்டி, மெஷினையும் ஓடவிட்டு 15 நிமிடம், பிறகு அரை மணி நேரம். பிறகு பகல் தூக்கத்துக்கு, கடைசியில் ராத்திரிக்கு. ‘ராம்ப்’ என்ற வசதியை ஆன் செய்தால் அழுத்தம் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறும், அதற்குள் தூங்கிவிடலாம். நடுராத்திரி கழற்றிவிட்டால் அந்த இரவு வீண் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். ஓர் இரவில் 4 மணி நேரமாவது, 10 இரவில் 7 இரவாவது என்பது பொதுவான முதல் படி. தூங்கும் நேரம் முழுக்க மாட்டுவதுதான் இலக்கு.

கரன்ட் போனால்?

இன்வெர்ட்டரில் மெஷின் ஓடும். தண்ணீரைச் சூடாக்குவதற்குத்தான் மின்சாரம் அதிகம் செலவாகும், எனவே கரன்ட் இல்லாதபோது ஹியூமிடிஃபையரை நிறுத்தினால் பேட்டரி நீண்ட நேரம் தாங்கும்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

மூக்கில் அடிக்கடி ரத்தம், காதுவலி, ஆறாத புண் இருந்தால் உடனே. இரண்டு வாரம் முயன்றும் 4 மணி நேரம் தாண்டவில்லை, அல்லது மாட்டியும் பகல் தூக்கம் போகவில்லை என்றாலும் போங்கள். அழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள். மெஷினின் மெமரி கார்டு அல்லது செயலியைக் கையோடு கொண்டுபோங்கள்; எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள், எவ்வளவு கசிந்தது எல்லாம் அதில் இருக்கும். தூக்கப் பரிசோதனை வேறு ஊரில் எடுத்திருந்தாலும், மூக்கடைப்புக்கும் புண்ணுக்கும் பக்கத்தில் உள்ள காது-மூக்கு-தொண்டை மருத்துவரையே பார்க்கலாம். 2022-ல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. “கழட்டிட்டீங்களா?” என்று கேட்பதோடு நிற்காமல், அவர் தூங்கும்போது வாய் திறந்திருக்கிறதா, காற்று எங்கே சீறுகிறது என்று பாருங்கள். தூங்குகிறவருக்கு அது தெரியாது. காலையில் நீங்கள் சொல்லும் அந்த ஒரு தகவலில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.