கம்ப்யூட்டருக்கும் காலாவதி உண்டு!

2025 தீபாவளிக்கு இன்னும் ஆறே நாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்து கொண்டிருந்தது. நான் முறுக்கு மாவும் கையுமாக நிற்கிறேன். கூடத்திலிருந்து என் மகன் குரல் கொடுத்தான்.

"அம்மா! நம்ம லேப்டாப்புக்கு இன்னியோட சப்போர்ட் முடியுதாம்!"

"ஐயையோ, செத்துப் போச்சா?" என்று பதறினார் என் மாமியார்.

"சாகலை அத்தை, நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லி விட்டேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் பகீர் என்றது. எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு லேப்டாப்தான். மூத்த மகள் ப்ளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. (2011-ல் துவங்கிய இலவச லேப்டாப் திட்டம் உங்களுக்கும் நினைவிருக்குமே!) மகளுக்குக் கல்யாணமாகிப் போய் விட்டது. லேப்டாப் எங்களோடு தங்கி விட்டது. இப்போது ப்ளஸ் ஒன் படிக்கும் மகனின் பாடங்கள் அதில் இருக்கின்றன. எங்கள் மகளிர் குழுவின் வரவு செலவும் அதில்தான். 1989-ல் தமிழ்நாட்டு மகளிர் குழுத் திட்டம் முதலில் துவங்கியதே நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. பதினைந்து பேரின் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் என் பொறுப்பு. இவற்றோடு, மறைந்த என் மாமனாரின் போட்டோக்களும் அதற்குள்தான் இருக்கின்றன.

மறுநாளே கச்சேரிமேட்டுப் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். "இதுல விண்டோஸ் 11 ஏறாதுக்கா. பேசாம புதுசு வாங்கிடுங்க. முப்பத்தஞ்சு, நாப்பது ஆகும்" என்றார் கடைத் தம்பி.

நாற்பதாயிரம்! மரவள்ளிக் கிழங்கு விற்ற பணத்தில் அத்தையின் கண் ஆபரேஷனுக்கென்று எடுத்து வைத்திருந்ததே அவ்வளவுதான். என் கணவரோ, "ஓடுற வரைக்கும் ஓடட்டும், விடும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்து விட்டார். வாங்குவதா, விடுவதா? மகன், மகள், மகனுடைய பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர் என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டு நான் தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சப்போர்ட் என்றால் என்ன?

குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறோம் அல்லவா? அந்த மாதிரிதான். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் நடத்தி வைக்கும் மூல மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் தெரிய வரும். தயாரித்த கம்பெனி உடனே அதை அடைத்து, நெட் வழியாக அனுப்பி வைக்கும். அதுதான் "அப்டேட்". 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாஃப்ட் கம்பெனி பத்து வருஷம் இப்படிச் செய்தது. 2025 அக்டோபர் 14-உடன் பொதுவான இலவச அப்டேட் நின்று விட்டது. கம்ப்யூட்டர் ஓடும், படம் காட்டும், பாட்டுப் பாடும். ஆனால் புதிதாக ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை.

"அதனால என்ன ஆயிடும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நடந்த கதை. 2017 மே மாதம் "வான்னாக்ரை" என்ற வைரஸ் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் புகுந்தது. ஃபைல்களைப் பூட்டி வைத்துக் கொண்டு, பணம் கட்டினால்தான் திறப்பேன் என்று மிரட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே தடுமாறின. ஆபரேஷன்கள் தள்ளிப் போயின. நம் பக்கத்தில் திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவற்றையும் அது விடவில்லை. இத்தனைக்கும் அதற்கான மருந்தை மைக்ரோஸாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போட்டுக் கொண்டவர்கள் பிழைத்தார்கள். சப்போர்ட் முடிந்து போன விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு அந்த மருந்தே அப்போது வரவில்லை. ஊரெல்லாம் பற்றி எரிந்த பிறகுதான் விசேஷமாகக் கொடுத்தார்கள்.

நாம் மட்டுமா?

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததல்ல. 2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கு சப்போர்ட் முடிந்தபோது தமிழ்நாடு அரசே இதே யோசனையில் இருந்தது. அப்போது அரசுத் துறைகளை "பாஸ்" லினக்ஸுக்கு மாறச் சொன்னார்கள். பாஸ் என்பது சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவு தயாரித்தது. இலவசம், தமிழிலும் வேலை செய்யும். அவ்வளவு ஏன், நாம் பணம் எடுக்கும் ஏ.டி.எம். பெட்டிக்கும் இதே கதைதான். சப்போர்ட் இல்லாத எக்ஸ்பியை வைத்து ஓட்டக் கூடாது, 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் பாங்குகளுக்கு உத்தரவு போட்டது.

நான்கு வழிகள்

முதல் வழி, விண்டோஸ் 11-க்கு மாறுவது. லேப்டாப்புக்குத் தகுதி இருந்தால் இதற்குக் காசு கிடையாது. "பி.சி. ஹெல்த் செக்" என்று மைக்ரோஸாஃப்ட்டே இலவசமாக ஒன்று கொடுக்கிறது. பெயரைப் பார்த்தீர்களா, மாஸ்டர் செக்கப் மாதிரி! ப்ராஸஸர், நினைவகம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லி விடும். எங்களுடையது ஃபெயில்.

இரண்டாவது, ஒரு வருஷம் தவணை வாங்குவது. வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவதாக அறிவித்தார்கள். மைக்ரோஸாஃப்ட் கணக்கில் நுழைந்து, ஸெட்டிங்ஸை அதில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். இல்லாவிட்டால் 30 டாலர். தவணை தீர்ந்ததும் பழைய கேள்வி திரும்ப வாசலில் வந்து நிற்கும். ஆனாலும் பணம் சேர்க்க அவகாசம் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல வழி.

மூன்றாவது, புதுசு வாங்குவது. ஆபீஸ் வேலையோ, கடைக் கணக்கோ அதையே நம்பி இருந்தால் வாங்கத்தான் வேண்டும். கணக்குக்கென்று உள்ள சில மென்பொருள்கள் விண்டோஸில்தான் சரியாக ஓடும்.

நான்காவது, அதே லேப்டாப்பில் லினக்ஸ் போடுவது. எங்கள் லேப்டாப்பைத் திறக்கும் போதெல்லாம் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும். ஒன்று விண்டோஸ், மற்றது பாஸ். இத்தனை வருஷமும் இரண்டாவது எதற்கு இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது! ஆனால் அந்த பாஸும் பழசாகி இருந்தது. லினக்ஸுக்கும் காலாவதி உண்டு. உபுண்டு, மின்ட் போன்றவற்றில் சாதாரணமாக ஐந்து வருஷம். ஆனால் அடுத்ததும் இலவசமாகவே கிடைக்கும். பழைய லேப்டாப்புக்கு மின்ட் லேசாக இருக்கும் என்றார் டீச்சர்.

நாங்கள் செய்தது

அவசரப்படவில்லை. ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே ஒரு சூடு பட்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் குழுவின் கணக்கைப் பிரிண்ட் எடுக்க பென்டிரைவை ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒரு ஃபைல் கூடத் திறக்கவில்லை. அந்தக் கணக்கு வேறெங்கும் இல்லை. பதினைந்து பேரின் பாஸ் புத்தகங்களையும் வாங்கி வந்து, மூன்று ராத்திரி கண் விழித்து, எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். ஒவ்வொருத்தி வீட்டிலும் போய்ப் புத்தகத்தைக் கேட்கும்போது கூனிக் குறுகிப் போனேன்.

ஆகவே இந்தத் தடவை முதல் வேலை, பிரதி எடுத்து வைப்பது. புதிதாக இரண்டு பென்டிரைவ் வாங்கி, எல்லாவற்றையும் இரண்டிலும் போட்டோம். ஒன்று பீரோவில், ஒன்று மகள் வீட்டில். அடுத்து, மின்ட்டை இன்னொரு பென்டிரைவில் போட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பார்த்தோம். பெண் பார்க்கிற மாதிரி! வைஃபை, ஸ்பீக்கர் எல்லாம் சரி. குழுக் கணக்கைத் திறந்தால்தான் பக்கமெல்லாம் கோணல்மாணல் எழுத்து. பயந்தே போனேன். பழைய ஃபான்ட்டில் அடித்தது என்று மகன் கண்டுபிடித்தான். அந்த ஃபான்ட்டை இதிலும் சேர்த்ததும் தமிழ் தெரிந்தது. இப்போது யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கப் பழகி விட்டேன். முதல் பத்து நாள் தடவல்தான். அதன் பிறகு கை தானாகப் போகிறது.

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகே நிரந்தரமாகப் போட்டோம். மொத்தச் செலவு ஆயிரத்துச் சொச்சம். என் கணவரும், "பரவால்லையே, முன்னைவிட சீக்கிரம் திறக்குதே!" என்று ஒப்புக் கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இருந்தால்...

* அந்த லேப்டாப்பில் என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். முடிவு அதிலேயே பாதி தெரிந்து விடும்.

* எந்த வழி என்றாலும், கை வைக்கும் முன் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

* சப்போர்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பாங்கு வேலை, பண விஷயம் கூடவே கூடாது. மாற்றும் வரை நெட் இணைப்பையே எடுத்து விட்டு, பாட்டு, படத்துக்கு மட்டும் வைத்துக் கொள்ளலாம்.

* "உங்க விண்டோஸ் காலாவதி ஆயிடுச்சு, சரி பண்ணித் தர்றோம்" என்று யாராவது போன் செய்தால் நம்பாதீர்கள். மைக்ரோஸாஃப்ட் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஏமாந்து பணம் போய் விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

* பழைய லேப்டாப்பை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். போட்டோ, கணக்கு எல்லாம் உள்ளே இருக்கும். முழுவதும் அழித்த பிறகு, மின் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

* கைபேசிக்கும் இதே காலாவதி உண்டு. ஸெட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி என்று இன்றே பாருங்கள். ரொம்பப் பழைய தேதியாக இருந்தால் அதிலும் பண விஷயத்தில் ஜாக்கிரதை.

"ஓடுகிறதே" என்று கண்ணை மூடிக் கொண்டும் இருக்க வேண்டாம்; "முடிந்து விட்டதாமே" என்று கையிலிருக்கும் காசைக் கரைக்கவும் வேண்டாம். நடுவிலே வழி இருக்கிறது.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் பொங்கலுக்குப் பிறகு நல்லபடியாக நடந்தது. கட்டுப் பிரித்து, கண் தெளிந்த பிறகு ஒரு நாள் லேப்டாப் முன்னால் உட்கார வைத்து மாமனாரின் போட்டோவைக் காட்டினேன். தீர்த்தமலைக்குப் போனபோது எடுத்தது. வெகு நேரம் பார்த்துக் கொண்டே இருந்தார்.

"சட்டையில ஒரு பொத்தான் இல்ல பாரு. நான் கவனிக்கவே இல்லையே!" என்றார்.