பின்சக்கர பிரேக் ஷூ மாத்தணுமா? ‘நல்லதா போடுங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

மாலின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இருந்து வெளியே ஏறும் சாய்தளம். முன்னால் பத்து கார்கள். பின்னால், பம்பரை உரசும் தூரத்தில் யாரோ ஒருவரின் புத்தம் புது எஸ்யூவி. ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறீர்கள். டக், டக், டக் என்று அது மேலே வந்துகொண்டே இருக்கிறது. வண்டியோ மெல்ல மெல்லப் பின்னால் நழுவுகிறது.

இப்படி ஒருமுறை வியர்த்த பிறகுதான் பலருக்கும் காரின் பின்சக்கரத்தில் பிரேக் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரும். மறுநாள் வொர்க்‌ஷாப்பில் இருந்து வாட்ஸ்அப் வருகிறது: ‘ரியர் பிரேக் ஷூ போயிடுச்சு சார். கம்பெனி ஐட்டம் போடவா, வெளி ஐட்டம் போடவா?’

‘நல்லதா பார்த்துப் போடுங்க’ என்பதுதான் வழக்கமான பதில். பிரச்சினை என்னவென்றால், பின்சக்கர பிரேக் ஷூவில் ‘நல்லது’ என்பது விலை அதிகமானதும் அல்ல, பிடி அதிகமானதும் அல்ல. உங்கள் டிரம்முக்குப் பொருந்துவதும், இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிப்பதும்தான் நல்லது.

டிரம்முக்குள் என்ன நடக்கிறது?

ஆல்டோ, வேகன் ஆர், ஐ10 போன்ற சிறிய கார்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க், பின்சக்கரத்துக்கு டிரம் என்பதே வழக்கம். பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், பெரும்பகுதி வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. அதனால் பின்பக்க ஷூ மெதுவாகத் தேயும். முன்பக்க பேட் இரண்டு முறை மாற்றிய வண்டியில்கூட பின்பக்க ஷூ பழையதாகவே இருக்கலாம். எல்லோரும் அதை மறந்துபோவதற்கும் இதுவே காரணம்.

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புக் கிண்ணம். அதன் உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள். பெடலை அழுத்தினால் வீல் சிலிண்டர் இரண்டையும் விரித்து, டிரம்மின் உள்சுவரில் உரச வைக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அதே வேலையை ஒரு கேபிள் செய்யும். அதாவது, கால் பிரேக்குக்கும் கை பிரேக்குக்கும் பின்சக்கரத்தில் இருப்பது ஒரே ஷூதான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு ஷூக்களில் முன்பக்கம் பார்த்திருப்பது ‘லீடிங் ஷூ’. சக்கரம் சுற்றும் வேகமே அதை டிரம்முக்குள் இன்னும் இழுத்து அழுத்தும். கதவுக்கு அடியில் செருகிய மரக்கட்டை, கதவைத் தள்ளத் தள்ள இறுகுகிறதே, அது போல. எனவே லைனிங்கின் உராய்வுத் திறன் கொஞ்சம் கூடினாலும் பிரேக் பிடிப்பு அதைவிட அதிகமாகக் கூடும். டிஸ்க் பிரேக்கில் இந்தக் குணம் இல்லை. ஷூவில் பிராண்ட் மாறினால் வண்டியின் நடத்தையும் மாறுவது இதனால்தான்.

அதிகம் பிடித்தால் நல்லதுதானே?

இல்லை. மழையில் நனைந்த ரோட்டில் திடீரென்று பிரேக் அடிக்கிறீர்கள். முன்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது, ஆனாலும் பெரும்பாலும் நேராகவே சறுக்கும். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் கதை வேறு. வண்டியின் பின்பகுதி விலகி, கார் பம்பரம் போலத் திரும்பிவிடும். இதைத் தவிர்க்கத்தான் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை கம்பெனியே அளந்து குறைத்து வைக்கிறது.

இந்தியாவில் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். அதற்கு முன் வந்த சிறிய கார்களின் அடிப்படை வேரியன்ட்கள் பலவற்றில் அது கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் 2014, 2015 மாடல் கார் அந்த ரகமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த வண்டியில் ‘செம பிடி’ என்று விற்கப்படும் ஷூவைப் போடுவது, கம்பெனி போட்ட கணக்கை நாமே கலைப்பதற்குச் சமம்.

உராய்வுத் திறனை ஓரளவு தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தரமான லைனிங்கின் விளிம்பில் ஒரு நீண்ட குறியீடு அச்சிட்டிருக்கும். அதன் கடைசியில் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வையும், இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டில் உள்ள உராய்வையும் காட்டும். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை. ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. பழைய ஷூவில் எழுத்து தெரிந்தால் புதியதும் அதே ஜோடியாக இருக்கட்டும். இது தரச் சான்றிதழ் அல்ல. ஆயுளைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ இது எதுவும் சொல்லாது. ஆனால் எழுத்தே இல்லாத, பேட்ச் நம்பரும் இல்லாத ஷூவைக் கீழே வைத்துவிடலாம்.

கம்பெனி ஐட்டமா, வெளி ஐட்டமா?

கார் கம்பெனிகள் பொதுவாக பிரேக் ஷூவைத் தாங்களே தயாரிப்பதில்லை. பிரேக் பாகங்களுக்கென்றே இருக்கும் நிறுவனங்களிடம் வாங்குகின்றன. அப்படிப்பட்ட பெரிய பெயர்களில் சில சென்னையிலேயே இருக்கின்றன. பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், அம்பத்தூரில் ரானேயும் பல பத்தாண்டுகளாக இந்தத் தொழிலில் உள்ளவை. கம்பெனி பெட்டியில் வருவதற்கும், தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வருவதற்கும் விலையில் வித்தியாசம் இருக்கும். பெயர் பெற்ற தயாரிப்பாளரின் ஷூவை வெளியில் வாங்குவது தப்பே இல்லை. சிறிய கார்களுக்கு நான்கு ஷூ கொண்ட செட் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது.

பயப்பட வேண்டியது போலியை நினைத்து. ஜி.பி. ரோடு ஆகட்டும், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்பேர்ஸ் கடை ஆகட்டும், ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில் தரத் தயங்கும் கடையில் பிரேக் பாகம் வாங்காதீர்கள். சீட் கவர் வாங்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. பெட்டியைத் திறந்து, லைனிங்கும் இரும்பும் சேரும் கோட்டை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். இடைவெளி, பிதுங்கிய பசை, உதிரும் ஓரம் இருந்தால் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘பழைய ஷூவிலேயே புது லைனிங் ஒட்டித் தர்றோம், பாதி காசுதான்’ என்பவர்களும் உண்டு. லாரி, பஸ் உலகில் லைனிங்கை ரிவெட் அடித்து மாற்றுவது சகஜமான, சரியான வேலை. காரின் சிறிய ஷூவில் லைனிங் பெரும்பாலும் பசையால் ஒட்டப்படுகிறது. அந்தப் பசை சரியான சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் ஒட்டிய லைனிங் ஓடும்போது பிய்ந்தால், டிரம்முக்குள் சிக்கிச் சக்கரத்தையே இறுக்கிவிடும். மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக எடுக்கக் கூடிய ரிஸ்க் அல்ல இது.

மாடல் பெயர் மட்டும் போதாது

‘வேகன் ஆர் ஷூ கொடுங்க’ என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் ஒரே பெயரில் பல தலைமுறைகள் வந்திருக்கின்றன. சிறிய கார்களில் 180 மி.மீ., 200 மி.மீ. அளவு டிரம்கள் சகஜம். அகலமும் மாறும், ஸ்பிரிங் மாட்டும் ஓட்டையின் இடமும் மாறும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை வைத்து பார்ட் நம்பர் எடுப்பதே பாதுகாப்பான வழி. ஹேண்ட் பிரேக் லீவர் மாட்டும் ஷூ இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு. பெட்டியில் லீவரோடு வருகிறதா, பழைய லீவரைக் கழற்றி மாட்ட வேண்டுமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் நான்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதைவிட முக்கியம், ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்ற கேள்வி. பெரும்பாலும் அங்கே இறுகிப்போன கேபிளோ, சிக்கிக்கொண்ட வீல் சிலிண்டரோ காத்திருக்கும்.

ஷூ மட்டும்தான் குற்றவாளியா?

பார்க்கிங்கில் ஹேண்ட் பிரேக் மேலே வந்ததே, அதற்குக் காரணம் ஷூவாக இல்லாமலும் போகலாம். ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகக் குறைக்கும் அட்ஜஸ்டர் ஒன்று டிரம்முக்குள் இருக்கிறது. அது துரு ஏறி நின்றுபோனாலும், கேபிள் தளர்ந்தாலும் அதே அறிகுறிதான். எனவே ‘ஷூ போயிடுச்சு’ என்ற மெசேஜுக்கு ஓகே சொல்வதற்கு முன், டிரம்மைக் கழற்றி போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். லைனிங் 2 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்திருந்தால் மாற்றத் திட்டமிடலாம். 1 மி.மீ. என்றால் தள்ளிப் போடக் கூடாது. துல்லியமான எல்லை உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

லைனிங் தடிமனாகவே இருந்து, ஈரமாக, கறுத்து இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம். பிரேக் ஆயில் ஊறிய லைனிங்கை பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவது நம்ம ஊரில் நடக்கிற விஷயம்தான். அது இரண்டு நாள் பிடிக்கும். பிறகு சூடு ஏறும்போது உள்ளே ஊறியது மீண்டும் வெளியே வரும். சிலிண்டரைச் சரிசெய்து, ஷூவையும் மாற்றியே ஆக வேண்டும். கசியும் சிலிண்டரை விட்டுவிட்டுப் புது ஷூ போடுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே புது மெத்தை போடுவது போல.

டிரம்மும் தேயும். அது எவ்வளவு விட்டம் வரை பெரிதாகலாம் என்ற எண் டிரம்மிலேயே பொறித்திருக்கும். 200 மி.மீ. டிரம்மில் 202 என்று இருந்தால், அதைத் தாண்டியதும் டிரம் காயலான் கடைக்குத்தான். கோடு விழுந்த டிரம்மை லேத்தில் கொடுத்து வழுவழுப்பாக்கலாம். ஆனால் விட்டம் பெரிதாகும்போது, புது ஷூவின் வளைவு அதோடு முழுதாக ஒட்டாமல் நடுவில் மட்டும் தொடும். அதனால்தான் சில வண்டிகளில் புது ஷூ போட்ட பிறகு பிரேக் முன்பைவிட மோசமாகத் தோன்றுகிறது. லைனிங் மேல் சாக்பீஸ் தடவி, டிரம்மை மாட்டிச் சுற்றிக் கழற்றிப் பார்த்தால் எங்கே உரசுகிறது என்பது தெரிந்துவிடும்.

சென்னையில் இன்னொரு தலைவலி, வெள்ளம். மிக்ஜாம் சமயத்தில் போல சக்கரம் மூழ்க நின்ற வண்டியில் டிரம்முக்குள் சேறு தங்கிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டபடி நின்றிருந்தால் ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஆக்சிலேட்டரை மிதித்து இழுத்து விடுவிக்கப் பார்த்தால், லைனிங் இரும்பில் இருந்து பிய்ந்து வரலாம். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்வதே சரி. அப்போது ஏர் பிடித்து ஊத வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தூசி மெக்கானிக்கின் நுரையீரலுக்குத்தான் போகும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பிரேக் கிளீனரோ ஈரத் துணியோ போதும்.

மாட்டிய பிறகு

வண்டியை எடுக்கும்போது ஹேண்ட் பிரேக் எத்தனை ‘டக்’கில் பிடிக்கிறது என்று எண்ணி, மேனுவலோடு ஒப்பிடுங்கள். ரொம்ப சீக்கிரம் பிடித்தால் ஷூ எப்போதும் உரசிக்கொண்டிருக்கலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். முதல் சில நாட்களுக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்து, காலியான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் இருந்து மெதுவாகப் பலமுறை நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு பழகிவிடும். ஏற்காடு, கொல்லிமலை பிளான் இருந்தால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய ஷூ நான்கையும் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லவும் மறக்காதீர்கள். உண்மையிலேயே மாற்றினார்களா என்பதற்கு அதுதான் சாட்சி. அடுத்த முறை கடையில் பார்ட் நம்பர் கேட்டால் காட்டுவதற்கும் ஆகும்.