வேன் கட்டணம் தீர்மானித்த ஒரு பாராளுமன்ற இடைத்தேர்தல்



இடைத்தேர்தல் என்றதும் கட்சி, தலைவர், கூட்டணி என்றுதான் பேசுவோம். கடைக்காரனின் கணக்கு நோட்டு அதில் எங்கே வருகிறது என்று கேட்பவர்களும் உண்டு. 2023 ஜூலை 20-ஆம் தேதி இங்கிலாந்தில் நடந்த ஓர் இடைத்தேர்தல் அந்தக் கேள்விக்கு நல்ல பதில். ஒரு முன்னாள் பிரதமர் ராஜினாமா செய்து காலியான தொகுதி அது. ஆனால் அங்கே ஓட்டுப் பெட்டி வரை பேசப்பட்டது பழைய கார்களுக்கும் வேன்களுக்கும் விதிக்கப்பட இருந்த நாள் கட்டணம். அந்தத் தேர்தலில் வியாபாரிகள் வென்றார்களா, தோற்றார்களா என்பது இன்றைக்கும் யோசிக்க வேண்டிய விஷயம். சங்கமாக இயங்கும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

இடம் காலியானது எப்படி?

லண்டன் மாநகரின் மேற்கு எல்லையில் ஹில்லிங்டன் என்ற நகராட்சிப் பகுதி உள்ளது. அதில் அடங்கியது அக்ஸ்பிரிட்ஜ் – தெற்கு ரைஸ்லிப் தொகுதி. 2015 முதல் அதன் எம்.பி.யாக இருந்தவர் போரிஸ் ஜான்சன். 2019 ஜூலை முதல் 2022 செப்டம்பர் வரை பிரதமராகவும் இருந்தார்.

கொரோனா ஊரடங்குக் காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் விருந்துகள் நடந்தன. அவை பற்றிச் சபையில் அவர் சொன்னது உண்மையா என்று உரிமைக்குழு விசாரித்தது. ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவில் பெரும்பான்மையினர் அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சியினரே. முடிவு தமக்குப் பாதகமாக வருவதை அறிந்த ஜான்சன், 2023 ஜூன் 9-ஆம் தேதி விலகுவதாக அறிவித்தார். சபையை அவர் வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார் என்று ஜூன் 15-ஆம் தேதி வெளிவந்த அறிக்கை கூறியது. அவர் எம்.பி.யாகத் தொடர்ந்திருந்தால் 90 நாள் இடைநீக்கம் பரிந்துரைத்திருப்போம் என்றும் குழு சொன்னது.

இங்கே ஒரு சட்ட விவரம். சபை ஓர் உறுப்பினரைப் பத்து அமர்வு நாட்களோ அதற்கு மேலோ இடைநீக்கம் செய்தால், 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தொகுதியில் திரும்ப அழைக்கும் மனு திறக்கப்படும். வாக்காளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் கையெழுத்திட்டால் பதவி போய்விடும். அந்த நிலை வருமுன் அவரே விலகிக்கொண்டார்.

ராஜினாமா செய்யும் முறையும் அங்கே விநோதமானது. நம் நாட்டில் எம்.பி. ஒருவர் சபாநாயகருக்குக் கடிதம் கொடுத்து விலகலாம். பிரிட்டனில் 1624-ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்றின்படி உறுப்பினர் நேரடியாக விலக முடியாது. ஆகவே அரசரின் கீழ் பெயரளவுக்கு உள்ள ஓர் உத்தியோகத்தை ஏற்க வேண்டும். அப்படி ஏற்றால் பதவி தானாகவே காலியாகும். ஜூன் 12-ஆம் தேதி 'சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்' என்ற அந்தப் பழைய உத்தியோகம் ஜான்சனுக்குக் கொடுக்கப்பட்டது. ஐந்தே வாரத்தில் தேர்தல் வந்தது.

கட்டணத்தின் கணக்கு

இனி நமக்கு உரிய விஷயத்துக்கு வருவோம். புகை மாசைக் குறைப்பதற்காக லண்டனில் 'யூலெஸ்' என்ற புகைக் கட்டண மண்டலம் 2019 ஏப்ரலில் நகர மையத்தில் தொடங்கப்பட்டது. 2021 அக்டோபரில் உள்வட்டச் சாலைகள் வரை விரிந்தது. அதை 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரம் முழுவதற்கும் விரிவாக்குவது என்று தொழிற்கட்சியைச் சேர்ந்த மேயர் சாதிக் கான் முடிவு செய்தார். கடைக்கோடியில் இருக்கும் அக்ஸ்பிரிட்ஜும் அதனால் உள்ளே வந்தது.

விதி இதுதான். சுமார் 2006-க்கு முந்தைய பெட்ரோல் வண்டி, சுமார் 2016-க்கு முந்தைய டீசல் வண்டி ஆகியவற்றில் பெரும்பாலானவை நிர்ணயித்த தரத்துக்குள் வராது. அப்படிப்பட்ட காரையோ, 3.5 டன் வரையுள்ள வேனையோ மண்டலத்துக்குள் ஓட்டினால் ஒரு நாளைக்கு 12 பவுண்டு 50 பென்ஸ் கட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் தவிர எல்லா நாளும், இருபத்து நான்கு மணி நேரமும் இது செல்லும். கட்டத் தவறினால் அபராதம் 180 பவுண்டு. பதினான்கு நாளுக்குள் கட்டினால் அதில் பாதி.

பழைய டீசல் வேன் வைத்திருக்கும் ஒரு மளிகைக்காரரை எண்ணிப் பாருங்கள். வாரம் ஆறு நாள் வண்டி எடுத்தால் 75 பவுண்டு. ஆண்டுக்கு 3,900 பவுண்டு. இன்னொரு நுணுக்கம்: இங்கே ஒரு நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. காய்கனி மொத்தச் சந்தைக்குப் போகிறவர் நள்ளிரவுக்கு முன் புறப்பட்டு, சரக்கு ஏற்றிக்கொண்டு விடியலில் திரும்பினால் அது இரண்டு நாள் கணக்கு. ஒரே கொள்முதலுக்கு 25 பவுண்டு. தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். புறநகர்ப் பகுதியில் ஓடும் கார்களில் பத்துக்கு ஒன்பது ஏற்கனவே தரத்துக்குள் இருப்பதாக லண்டன் போக்குவரத்து நிர்வாகம் கூறியது. ஆகவே பெரும்பாலோருக்குச் செலவில்லை. தென்கிழக்கு லண்டனில் 2013-இல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020-இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். நோக்கம் தவறு என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் தரத்துக்கு வராத வண்டிகளின் விகிதம் கார்களை விட வேன்களில் அதிகம். புது வேன் வாங்க முடியாத சிறு தொழில் செய்பவர்கள் மேல்தான் சுமை இறங்கியது.

களத்தில் நடந்தது

கன்சர்வேட்டிவ் கட்சி அப்போது ஆட்சியில் இருந்தாலும் மக்களிடம் செல்வாக்கு இழந்திருந்தது. விலைவாசி, வட்டி, விருந்து விவகாரம் எல்லாமே அதற்கு எதிர். ஆகவே அதன் வேட்பாளர் ஸ்டீவ் டக்வெல், ஹில்லிங்டன் நகராட்சி உறுப்பினர், தேசிய விஷயங்களை ஒதுக்கி வைத்தார். புகைக் கட்டணம் ஒன்றையே வீடுதோறும் பேசினார். தொழிற்கட்சி வேட்பாளர் டேனி பீல்ஸுக்குத் தர்மசங்கடம். கட்டணம் போட்டவர் அவர் கட்சி மேயர். பிரசாரத்தின் நடுவே, இது அதற்கு ஏற்ற நேரமல்ல என்று பீல்ஸும் சொல்லிப் பார்த்தார். வாக்காளர்கள் பலர் அதை நம்பவில்லை.

பதினேழு பேர் போட்டியிட்டார்கள். டக்வெல்லுக்கு 13,965 ஓட்டு, பீல்ஸுக்கு 13,470. வித்தியாசம் 495. பசுமைக் கட்சி பெற்ற ஓட்டே இந்த வித்தியாசத்தை விட அதிகம். 2019-இல் ஜான்சன் 7,210 ஓட்டு வித்தியாசத்தில் வென்ற தொகுதி இது. அதே நாளில் நடந்த வேறு இரண்டு இடைத்தேர்தல்களில், செல்பி – ஐன்ஸ்டி தொகுதியில் 20,137, சாமர்டன் – ஃபுரூம் தொகுதியில் 19,213 என்று இருந்த முன்னிலைகளையும் கன்சர்வேட்டிவ் கட்சி இழந்து தோற்றது. அக்ஸ்பிரிட்ஜில் மட்டும் தப்பியதற்குக் காரணம் புகைக் கட்டணம் என்று வென்றவரும் சொன்னார், தொழிற்கட்சித் தலைமையும் ஒப்புக்கொண்டது.

வென்ற பிறகு கட்டணம் நின்றதா?

நிற்கவில்லை. சாலைக் கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை 1999-ஆம் ஆண்டுச் சட்டம் லண்டன் மேயருக்குக் கொடுத்திருக்கிறது. தொகுதியின் எம்.பி. சபையில் பேசலாம், மனுக் கொடுக்கலாம். கட்டணத்தை ரத்து செய்ய அவரால் ஆகாது. ஹில்லிங்டன் உள்பட ஐந்து உள்ளாட்சி மன்றங்கள் தொடுத்த வழக்கையும் தேர்தல் முடிந்த எட்டாம் நாள், ஜூலை 28 அன்று, உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்ட் 29 அன்று கட்டணம் அறிவித்தபடி அமலுக்கு வந்தது.

ஆனாலும் பலனே இல்லை என்று சொல்லக்கூடாது. தேர்தல் முடிந்து பதினைந்து நாளில், ஆகஸ்ட் 4-ஆம் தேதி, பழைய வண்டியை உடைப்புக்குக் கொடுத்தால் தரும் உதவித்தொகையை மேயர் உயர்த்தினார். நிதி 11 கோடி பவுண்டிலிருந்து 16 கோடியானது. சிறு வணிகர் தம் பழைய வேனை ஒப்படைத்தால் 5,000 பவுண்டு என்றிருந்தது 7,000 ஆயிற்று. குறிப்பிட்ட அரசு உதவி பெறுவோருக்கு மட்டும் என்றிருந்த கார் உதவித்தொகை 2,000 பவுண்டு, தரத்துக்கு வராத கார் வைத்திருக்கும் எல்லா லண்டன்வாசிகளுக்கும் கிடைத்தது. கட்டணம் போகவில்லை, சுமையைத் தாங்கக் கைப்பிடி கிடைத்தது.

அதன்பின் கதை மாறியது. 2024 மே மாதம் நடந்த மேயர் தேர்தலில் சாதிக் கான் மூன்றாம் முறையாக வென்றார். ஜூலை 4-ஆம் தேதி பொதுத் தேர்தலில் அதே அக்ஸ்பிரிட்ஜில் டேனி பீல்ஸ் 587 ஓட்டு வித்தியாசத்தில் டக்வெல்லைத் தோற்கடித்தார். ஓராண்டுக்குள் தொகுதி கைமாறியது. கட்டணம் அப்படியே இருந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, கையெழுத்து யாருடையது என்று பார்க்க வேண்டும். அக்ஸ்பிரிட்ஜ் வாக்காளர்கள் ஒருவர் போட்ட கட்டணத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொன்னார்கள். நம் நாட்டிலும் ஜி.எஸ்.டி. விகிதத்தைப் பேசுவது ஜி.எஸ்.டி. கவுன்சில், கடை உரிமக் கட்டணம் உள்ளாட்சியின் கையில், தராசு முத்திரைக் கட்டணம் மாநில அரசின் விதியில். எல்லா மனுவையும் ஒரே வாசலில் கொடுத்துவிட்டு, ஏன் நடக்கவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது, காலம். லண்டன் விரிவாக்கம் பற்றி 2022 மே முதல் ஜூலை வரை பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. 57,000-க்கு மேற்பட்டோர் பதில் எழுதினார்கள், எதிர்த்தவர்களே அதிகம். அந்த ஆண்டு நவம்பரில் முடிவு உறுதியானது. இடைத்தேர்தல் வந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து. உத்தரவு உலர்ந்த பிறகு எழும் குரலை விட, வரைவு நிலையில் கணக்கோடு போகும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். வரைவு விதிகளுக்கு ஆட்சேபணை கோரும் அறிவிப்புகளைச் சங்க அலுவலகம் அன்றாடம் கவனித்து வர வேண்டும்.

மூன்றாவது, எதைக் கேட்பது என்பது. 'ரத்து செய்' என்ற கோரிக்கை மட்டும் கையில் இருந்தால், அது மறுக்கப்பட்டதும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ரத்து இல்லையென்றால் அவகாசம், அதுவும் இல்லையென்றால் ஈட்டுத்தொகை என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். லண்டன் சிறு வணிகர் கைக்கு வந்தது அந்த மூன்றாம் படிதான்.

நான்காவது, நம் எண்ணிக்கை. 495 ஓட்டு என்பது ஒரு நடுத்தர ஊரின் கடைவீதியில் உள்ள முதலாளிகள், கணக்குப்பிள்ளைகள், கடைப் பையன்கள், அவர்கள் குடும்பத்தார் சேர்ந்தாலே வரக்கூடிய எண்ணிக்கை. எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பது அவரவர் விருப்பம், அதில் சங்கம் தலையிடாது. ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "இந்தக் கட்டணம் உங்கள் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் யார் கையில்? அவரிடம் நீங்கள் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்க ஒவ்வொரு வணிகருக்கும் உரிமை உண்டு. தேர்தல் சமயத்தில் கடை வாசலில் நிற்கும் வேட்பாளருக்குத் தேநீர் கொடுக்கும்போதே இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். பதிலைக் குறித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.